சப்பையும் முன்னங்காலும்

"பன்றித் தோள், மூன்று கிலோ" என்று ஆரம்பிக்கும் சமையல் குறிப்பை நான் பாதிக் குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன். எந்தத் தோள் என்று அது சொல்லவில்லை. அமெரிக்கக் கறிக்கடைகளில் பன்றியின் தோள் முழுசாக விற்பனைக்கு வருவது குறைவு. குறுக்கே ஒரு வெட்டு விழுந்து இரண்டாகிவிடும். முதுகை ஒட்டிய மேல்பாதி பாஸ்டன் பட். காலை ஒட்டிய கீழ்ப்பாதி பிக்னிக். இரண்டின் சீட்டிலும் "பன்றித் தோள்" என்றே போட்டிருக்கும். ஒரே மூட்டின் மேலும் கீழும் இருந்த கறிதான் இரண்டும். ஆனால் அடுப்பேறியபின் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு, வேண்டுகிற நேரம் வேறு, தட்டில் வந்து விழும் சுவையும் வேறு.

பட் உயர்ந்தது, பிக்னிக் காசு குறைவானவர்களுக்கான மாற்று என்ற எண்ணம் பார்பிக்யூ செய்கிறவர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. விலையும் அதற்கு ஒத்து ஊதுகிறது. கிலோவுக்குப் பிக்னிக் மலிவு. இந்தத் தரவரிசை எனக்கு ஏற்புடையதல்ல. பட்டுக்கென்று வளர்ந்த சமையலை அளவுகோலாக வைத்தால் பிக்னிக் தோற்கத்தான் செய்யும். பிக்னிக்குக்கென்று வளர்ந்த சமையல் ஒன்று கரீபியன் தீவுகளில் இருக்கிறது. அங்கே பட்டைக் கொண்டுபோய் வைத்தால் அது பந்தயத்தில் நிற்கவே முடியாது.

முதலில் உடலமைப்பு. "பட்" என்ற பெயரைக் கேட்டுப் பின்தொடை என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆட்டுக்கறி வாங்கிப் பழகியவர்களுக்குச் சப்பை எலும்பு தெரியும். தோளில் தட்டையாக, முக்கோணமாக இருப்பது. பாஸ்டன் பட் என்பது அந்தச் சப்பை எலும்பின் ஒரு பகுதியையும், அதைச் சுற்றிய கறியையும், கழுத்திலிருந்து முதுகுக்கு ஓடும் தசைகளின் ஒரு பங்கையும் சேர்த்த கட்டை. எலும்போடு மூன்று முதல் நாலரை கிலோ வரை இருக்கும். தோலை உரித்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் கொழுப்புப் படலத்தை விட்டுவைப்பார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரே தசையாக இருக்காது. ஏழெட்டுத் தசைகள் ஆளுக்கொரு திசையில் ஓட, நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு புகுந்திருக்கும். அந்தத் தசைகளுக்குள்ளும் மெல்லிய கொழுப்பு இழைகள் உண்டு. பட்டின் பலம் முழுக்க இதில்தான்.

பிக்னிக்கில் இருப்பது முன்னங்காலின் மேலெலும்பு. சில கடைகளில் அதற்குக் கீழுள்ள கணுக்கால் பகுதியையும் சேர்த்தே தருவார்கள். நின்றாலும் நடந்தாலும் பன்றி தன் எடையில் பெரும்பங்கை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. காலை ஊன்றி நிறுத்தும் தசைகள் ஓய்வில்லாமல் உழைப்பவை. அதனால் கறியின் நிறம் அடர்ந்திருக்கும், நார் பருத்திருக்கும், தசையைச் சுற்றிய சவ்வும் தசைநாணும் கூடுதல், உள்கொழுப்பு குறைவு. பெரும்பாலும் தோலோடுதான் விற்கிறார்கள். ஆக, ஒருபுறம் கொழுப்பு ஓடிய பல தசைக் கட்டை. மறுபுறம் உழைத்த கறியும் பெரிய எலும்பும் தடித்த தோலும்.

வேக வைப்பதற்கும் மெத்தென்று ஆக்குவதற்கும் உள்ள தூரம்தான் தோள்கறியின் சமையல். அமெரிக்க வேளாண் துறை 2011-இல் முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கான பாதுகாப்பு வெப்பநிலையை 71 டிகிரி செல்சியஸிலிருந்து 63 டிகிரியாக இறக்கியது. அடுப்பிலிருந்து எடுத்து மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது நிபந்தனை. முதுகுக்கறிக்கு இது நல்ல செய்தி. தோளுக்கு இந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. 63 டிகிரியில் எடுத்த தோள்கறி நோய்க்கிருமி வகையில் பாதுகாப்பானதுதான், ஆனால் மென்று விழுங்க முடியாது. சவ்வில் இருக்கும் கொலாஜன் இன்னும் கலையவே ஆரம்பிக்கவில்லை. ஏறத்தாழ 70 டிகிரியைத் தாண்டியபின்தான் அது ஈரத்தின் துணையோடு ஜெலட்டினாக உருகத் தொடங்குகிறது. 80-க்கு மேல் வேகம் பிடிக்கிறது. வெப்பம் மட்டும் போதாது, அந்த வெப்பத்தில் கறி இருக்கும் நேரமும் வேண்டும். தோளைக் கையால் பிய்க்கும் பதத்துக்குக் கொண்டுவர உள்வெப்பம் 90 முதல் 96 டிகிரிவரை போகவேண்டும் என்று பார்பிக்யூ சமையல்காரர்கள் சொல்வது இதனால்தான்.

சாதாரணக் கணக்குப்படி அவ்வளவு வெப்பத்தில் கறி காய்ந்து சக்கையாகிவிட வேண்டும். தசைநாரிலிருந்து நீர் வெளியேறத்தான் செய்கிறது. ஆனால் உருகிய ஜெலட்டினும் கொழுப்பும் நார்களின்மேல் பூசிக்கொண்டு, வாயில் வைக்கும்போது ஈரம் இருப்பதாக உணரச் செய்கின்றன. பட்டில் கொழுப்பும் ஜெலட்டினும் இரண்டுமே தாராளம். நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மன்னித்துவிடும். பிக்னிக்கில் ஜெலட்டின் நிறைய, கொழுப்பு குறைவு. அவசரப்பட்டால் நாண் நாணாக நிற்கும்; திறந்த வெப்பத்தில் அளவுக்கு மீறி வைத்தால் வெளிப்புறத் தசை வறண்டுவிடும். மூடி வைத்து, ஈரம் வெளியேறாமல் பார்த்துக்கொண்டால் அதே பிக்னிக் பட்டைவிட ஆழமான கறிச்சுவையைத் தரும். உழைத்த தசைக்கு எப்போதும் ருசி அதிகம்.

பட்டைப் புகையடுப்பில் வைப்பவர்களைப் பயமுறுத்தும் ஒரு கட்டம் உண்டு. 107 முதல் 121 டிகிரி வெப்பத்தில் வைத்த கறியின் உள்வெப்பம் முதல் சில மணி நேரம் மளமளவென்று ஏறும். 65-லிருந்து 75-க்குள் எங்கோ ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில் நகராது. அடுப்பு அணைந்துவிட்டதோ, வெப்பமானி கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வரும். கொழுப்பு உருகுவதற்கும் கொலாஜன் கரைவதற்கும் வெப்பம் செலவாகிறது என்று பலகாலம் காரணம் சொன்னார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் சோதித்துப் பார்த்து, அது வெறும் ஆவியாதல் என்று காட்டினார். மண்பானையின் வெளிப்புறம் கசிந்து கசிந்து உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரவைக்கிறதே, அதே வேலைதான். கறியின் மேற்பரப்பில் ஈரம் கசிந்து ஆவியாகும்வரை, அடுப்பு கொடுக்கிற வெப்பத்தை அது தின்றுவிடும். அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றினால் ஆவி வெளியேற வழியில்லை. வெப்பம் மறுபடி ஏறும். பொறுமை இருப்பவர்கள் சுற்றுவதில்லை.

பொறுமைக்குக் கிடைக்கும் கூலி மேலோடு. மிளகும் உப்பும் தடவிய மேற்பரப்பு காய்ந்து, புகை ஏறி, கருப்பும் சிவப்பும் கலந்த பட்டையாக மாறுகிறது. தாளில் சுற்றினால் அது ஊறி மெத்தென்று ஆகிவிடும். மூன்றரை கிலோ பட்டுக்குச் சுற்றாமல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது. சப்பை எலும்பைப் பிடித்துத் திருகிப் பார்க்க வேண்டும். கறி ஒட்டாமல் வெறும் எலும்பாக உருவி வந்தால் முடிந்தது. அதன்பின் ஒரு மணி நேரமாவது மூடி வைத்துவிட்டுத்தான் பிய்க்க வேண்டும். பிய்க்கும்போது உள்ளே மிச்சமிருக்கும் உருகாத கொழுப்புக் கட்டிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கருத்த மேலோட்டைப் பொடியாக்கி உள்கறியோடு கலப்பது முக்கியம். இந்தக் கலவை இல்லாமல் பிய்த்த கறி சோபிக்காது.

தோளுக்கென்றே ஊர்ப்பெயர் வாங்கிய இடம் வட கரோலினாவின் லெக்சிங்டன். அந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியைத் தணலில் சுட்டு, எல்லாக் கறியையும் கொத்திக் கலந்து, வினிகரும் மிளகாயும் மட்டும் சேர்த்துத் தருவார்கள். மேற்கே லெக்சிங்டன் வட்டாரத்தில் தோள் மட்டும்தான். 1919-இல் சிட் வீவர் என்பவர் நீதிமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டுத் தோள்கறி விற்றார். ஜெஸ் ஸ்வைஸ்குட் அடுத்த கூடாரம் போட்டார். ஸ்வைஸ்குட்டிடம் தொழில் கற்றவர் வார்னர் ஸ்டேமி. ஸ்டேமியிடம் கற்றவர் வேய்ன் மங்க், 1962-இல் லெக்சிங்டன் பார்பிக்யூ என்ற கடையைத் தொடங்கினார். செங்கல் அடுப்பில், ஹிக்கரி விறகை எரித்து எடுத்த கங்கின்மேல், பல மணி நேரம். மேலே ஊற்றுவதற்கு அவர்கள் "டிப்" என்று சொல்லும் வினிகர்ச் சாறு; அதில் கொஞ்சம் தக்காளி கெச்சப் சேரும். கூடவே அதே சாற்றில் கலந்த சிவப்பு முட்டைக்கோஸ் பச்சடி. கடையில் "அவுட்சைட் பிரவுன்" என்று கேட்டால் கருத்த மேலோட்டுக் கறியாகப் பொறுக்கித் தருவார்கள். மேலோட்டின் அருமை தெரிந்த ஊர் அது.

லெக்சிங்டனில் அடுப்பேறுவது தனி பட் அல்ல, முழுத்தோள் என்பதைக் கவனிக்க வேண்டும். மேல்பாதியின் கொழுப்புக் கறியும் கீழ்ப்பாதியின் அடர்கறியும் கொத்துப்பலகையில் ஒன்றாகின்றன. டென்னசியில் 1978-இல் தொடங்கிய மெம்ஃபிஸ் பார்பிக்யூப் போட்டியிலும் தோள் என்ற பிரிவுக்குத் தனி பட்டையோ தனி பிக்னிக்கையோ கொண்டுவந்தால் நெடுங்காலம் ஏற்கவில்லை. முழுசாக இருக்க வேண்டும். இன்று வீட்டுப் புகையடுப்புகளில் பட் மட்டும் ஆட்சி செய்வதற்குக் காரணம் சுவைத் தீர்ப்பு அல்ல, வசதி. உரிக்க வேண்டிய தோல் இல்லை, எலும்பு சின்னது, வடிவம் சதுரம், தப்பு செய்தாலும் தாங்கும்.

இன்னொரு கிளைக்கதையும் சொல்லத் தக்கது. ஜான் ஷெல்டன் ரீட், டேல் வோல்பெர்க் ரீட் இருவரும் 2008-இல் வெளியிட்ட "ஹோலி ஸ்மோக்" என்ற நூலில், லெக்சிங்டன் பக்கத்துத் தோள் மோகத்துக்கு அங்கே குடியேறிய ஜெர்மானியர்களைச் சுட்டுகிறார்கள். வீவர், ஸ்வைஸ்குட் போன்ற குடும்பங்களின் வேர் ஜெர்மனிதான். ஜெர்மனியின் ஃபிராங்கோனியா வட்டாரத்தில் இன்றும் "ஷொய்ஃபெலே" என்று ஓர் உணவு உண்டு. சப்பை எலும்போடு கூடிய தோள் துண்டு, தோலைக் கட்டம் கட்டமாகக் கீறி, தோல் பொரியும்வரை ஓவனில் வாட்டி, உருளைக்கிழங்கு உருண்டையோடு தருவது. வெட்டும் முறை அமெரிக்காவினுடையது அல்ல. சப்பைப் பக்கத்திலேயே தோலை விட்டுவைக்கிறார்கள். அமெரிக்கப் பட்டில் தோல் இல்லாமல் போனது கசாப்புக்காரரின் வழக்கம், பன்றியின் இயல்பல்ல. இரண்டு பாதிக்கும் உள்ள பெரிய வித்தியாசங்களில் ஒன்று கத்தியால் உண்டானது என்று ஃபிராங்கோனியா காட்டிக்கொடுக்கிறது.

இந்தத் தோல்தான் பிக்னிக்கைப் புகையடுப்பில் கவிழ்ப்பது. உப்பும் மசாலாவும் தோலைத் தாண்டி உள்ளே போகாது, புகையும் போகாது. 110 டிகிரியில் பத்து மணி நேரம் வைத்தாலும் தோல் பொரியாது. செருப்புத் தோலாக இறுகி, கத்திக்கே சவால் விடும். ஆகவே பிய்த்த கறிக்குப் பிக்னிக் வாங்குகிறவர்கள் தோலை உரித்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உரித்தபின் மிஞ்சுவது பட்டைவிடக் கொழுப்புக் குறைந்த, எலும்பு பெருத்த ஒரு துண்டு. அதை வைத்துக்கொண்டு பிக்னிக் மட்டம் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். அதனிடம் இருந்த சிறந்த பொருளை முதலிலேயே குப்பையில் போட்டாயிற்று.

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் அந்தத் தோலுக்காகவே பிக்னிக்கை வாங்குகிறார்கள். பிக்னிக்கைத் தோலோடு வாட்டிச் செய்யும் அவர்களுடைய "பெர்னில்", கிறிஸ்துமஸ் முன்னிரவுக்கும் புத்தாண்டுக்கும் வீட்டில் இருந்தே தீர வேண்டிய உணவு. தீவின் நடுவே கயேய் நகரை அடுத்த குவாவாத்தே மலைப்பாதையில் முழுப் பன்றியைக் கம்பியில் கோத்துச் சுடும் கடைகள் வரிசையாக உண்டு. வீட்டில் முழுப் பன்றி சுட முடியாத குடும்பங்களுக்கு, குறிப்பாக நியூயார்க் அடுக்ககங்களில் குடியேறியவர்களுக்கு, தோலோடும் எலும்போடும் வரும் பிக்னிக்தான் கைக்கு எட்டிய சிறு பன்றி.

செய்முறையில் இரண்டு வேலைகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. அதைப் புரிந்துகொண்டால் பெர்னில் வசப்படும். கறிக்கு ஈரமும் நீண்ட நேரமும் வேண்டும். தோலுக்கு வறட்சியும் கடைசியில் கடும் வெப்பமும் வேண்டும். பூண்டு, உப்பு, மிளகு, ஒரிகானோ இலையை உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெயும் வினிகரோ புளிப்பு ஆரஞ்சுச் சாறோ விட்டு விழுதாக்குவார்கள். அவர்கள் அடோபோ என்று சொல்வது இதைத்தான். தோல் இல்லாத பக்கத்தில் கத்தியை ஆழமாக இறக்கி, ஒவ்வொரு துளையிலும் விழுதைத் திணிக்க வேண்டும். தோலை ஒரு பக்கம் விடாமல் மடலாகத் தூக்கி, அடியிலும் தடவுகிறவர்கள் உண்டு. தோலின் மேல் மட்டும் விழுது படக்கூடாது, உப்பு போதும். ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு, தோலைத் திறந்து வைத்தபடி குளிர்பெட்டியில் இருக்கட்டும். கறிக்குள் உப்பு ஏறும், தோலில் ஈரம் போகும். மறுநாள் ஓவனில் 150 முதல் 160 டிகிரியில், தாளால் மூடி, நாலு கிலோவுக்கு நாலு மணி நேரம் போல. எலும்பைச் சுற்றிய கறி விலகத் தொடங்கியபின் மூடியை எடுத்துவிட்டு 220 டிகிரிக்கு மேலே ஏற்றினால், இருபது முப்பது நிமிடத்தில் தோல் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கும். இந்த நேரத்தில் அடுப்பைவிட்டு நகரக்கூடாது. பொங்குவதற்கும் கருகுவதற்கும் இடையில் சில நிமிடங்களே.

முன்கூட்டிய மெதுவான வேகல் தோலுக்கும் தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோலும் கொலாஜன்தான். அது முதலில் இளகி ஜெலட்டின் ஆனால்தான், கடும் வெப்பத்தில் உள்ளிருக்கும் மிச்ச ஈரம் ஆவியாகும்போது உப்பி நிற்கும். இளகாத தோலை நேரே 230 டிகிரியில் வைத்தால் கல்லாகிவிடும். புகையடுப்பில் முதல் பாதி நடக்கிறது, இரண்டாம் பாதி நடப்பதில்லை. அதனால்தான் அங்கே தோல் தோற்கிறது.

பொரிந்த தோலுக்குக் குவெரிட்டோ என்று பெயர். பந்தியில் முதலில் தீர்வது அதுதான். பக்கத்தில் வைக்கும் சோற்றைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்: அரோஸ் கோன் கந்துலெஸ், அதாவது பச்சைத் துவரையைப் போட்டுச் சமைத்த சோறு. இந்தியாவில் பயிராக்கப்பட்ட துவரை ஆப்பிரிக்கா வழியாகக் கரீபியனுக்குப் போய், அந்தத் தீவின் விருந்துணவில் பன்றிக்கறிக்குத் துணையாக உட்கார்ந்துவிட்டது. பூண்டும் புளிப்பும் ஏறிய கொழுப்புக் கறிக்குத் துவரையின் மண்வாசனை எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சாப்பிட்டுத்தான் அறிய வேண்டும்.

இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். பட்டைப் பெர்னில் முறையில் செய்தால் கறி அருமையாக வரும், ஆனால் மேலே தோல் இல்லை. கொழுப்புப் படலம் பொன்னிறமாகுமே தவிர பொரியாது. அந்த உணவின் பாதி இன்பம் காணாமல் போகும். தோல் உரித்த பிக்னிக்கைப் புகையடுப்பில் வைத்துப் பிய்த்தால், நார் நீளமாக, நிறம் அடர்ந்து, பட்டில் இல்லாத கனத்த சுவையோடு வரும். தசைநாண் துண்டுகளைப் பொறுக்க அதிக நேரம் பிடிக்கும், பாதி வழியில் தாளில் சுற்றித்தான் ஆகவேண்டும். என் அனுபவத்தில் பிய்த்த கறிக்கு இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் மேல்: பட்டின் வழவழப்பு, பிக்னிக்கின் ருசி. லெக்சிங்டன் முழுத்தோளில் செய்வதும் அதுதானே.

விலைக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. பட்டில் சமைத்தபின் பச்சை எடையில் பாதிக்குச் சற்று மேலே தட்டுக்கு வரும். பிக்னிக்கில் தோலையும் எலும்பையும் கழித்தால் பாதிகூடத் தேறாது. ஆகவே பிய்த்த கறிக்கு மட்டும் வாங்குகிறவர், கிலோ விலையில் கொஞ்சம் குறைவு என்று பிக்னிக்கை எடுத்தால் லாபம் ஒன்றுமில்லை. தோலைச் சாப்பிடுகிறவருக்குக் கணக்கு வேறு. எலும்பைத் தூக்கி எறியாதவருக்கு இன்னும் வேறு. பெர்னில் முடிந்த மறுநாள் அந்தப் பெரிய கால் எலும்பை ஒட்டிய கறியோடு பயறு வேகும் பானையில் போட்டால், ஜெலட்டின் இறங்கி ரசம் கெட்டிப்படும். அமெரிக்கத் தெற்கில் கீரையும் பயறும் பன்றி எலும்போடு வேகும் வழக்கம் இதே சிக்கனத்திலிருந்து பிறந்தது.

மற்ற பயன்களில் பட் பல தொழில் தெரிந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் அதை எலும்போடு குறுக்கே அறுத்து, தகடு தகடாகத் தணலில் சுட்டுப் பிறகு சாற்றில் வேகவைக்கிறார்கள். சீனர்களின் சார் சியூவுக்கு அதன் கழுத்துப் பக்கத் தசையே பொருத்தம். இத்தாலியர்கள் அதே தசையை முழுசாக எடுத்து உப்பிட்டு உலர்த்திக் கோப்பா ஆக்குகிறார்கள். சாசேஜ் செய்பவர்கள் தனியாகக் கொழுப்பு சேர்க்காமலே அரைக்கலாம் என்பதற்காக அதையே தேடுவார்கள். பிக்னிக்கை உப்பும் புகையும் ஏற்றி, பின்தொடை ஹாமுக்கு மலிவான மாற்றாக விற்கும் வழக்கம் பழையது. அமெரிக்கச் சட்டப்படி வெறும் ஹாம் என்றால் பின்தொடைதான். இதன் சீட்டில் தோள் என்று போட்டாக வேண்டும். அந்த மாற்று வேடத்தில் பிக்னிக்கின் பெருமை ஒன்றும் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் வெண்பன்றிக் கறி விற்கும் கடைகளில் இந்தப் பிரிவினை அநேகமாகக் கிடையாது. தோலும் எலும்பும் கொழுப்பும் கலந்து சிறு துண்டாக வெட்டித் தருவார்கள். குழம்புக்கு அது குறையல்ல. பல இடங்களில் தோலைத் தீயில் வாட்டிச் சுரண்டுவதால் அதற்கென்று ஒரு வாசனையும் வந்துவிடுகிறது. ஆனால் சப்பைக் கறியும் கால் கறியும் ஒரே குக்கரில் விழும்போது, ஒன்று குழைந்திருக்க இன்னொன்று ரப்பராக நிற்கும். பிரித்துக் கேட்டு வாங்குவது நல்லது. சப்பைப் பக்கம் வறுவலுக்கும் மிளகுப் பிரட்டலுக்கும் ஏற்றது. அதன் கொழுப்பே எண்ணெயாக இறங்கும். முன்னங்கால் பக்கத்தைத் தோலோடு பெரிய துண்டாக வெட்டி, புளிப்புச் சேர்த்து, நிறைய நேரம் வேகவிட வேண்டும். குடகில் பன்றிக்கறிக்குக் கச்சம்புளி சேர்ப்பதும், லெக்சிங்டன் வினிகரும், புவேர்ட்டோ ரிக்கோவின் புளிப்பு ஆரஞ்சும் ஒரே தேவைக்குப் பிறந்தவை. உருகிய கொழுப்பை நாக்கில் தங்கவிடாமல் வெட்டுவது. குக்கரில் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் கொலாஜன் வேகமாகக் கரையும். முதல் விசிலுக்குப்பின் சிறு தீயில் சப்பைக்கறிக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் என்றால் கால் கறிக்கு முப்பத்தைந்து வைக்கலாம். தோல் பற்களில் இழுபடாமல் அறுபட வேண்டும், அதுவே பதம். நாடாப்புழுக் கவலை இருப்பவர்களுக்கும் இந்த வெப்பம் ஆறுதல்: தோள்கறி மென்மையாகும் நிலைக்கு வெகு முன்பே கிருமிகளைக் கொல்ல வேண்டிய வெப்பத்தைக் கடந்துவிடுகிறது.

ஓவன் இருப்பவர்கள் உள்ளூர்க் கறியிலேயே பெர்னில் செய்து பார்க்கலாம். இங்கே கடைக்கு வரும் பன்றிகள் அமெரிக்கப் பன்றிகளைவிடச் சிறியவை. முன்னங்காலும் இரண்டு, இரண்டரை கிலோவுக்குள் அடங்கும் என்பதால் நேரத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். புளிப்பு ஆரஞ்சுக்கு நார்த்தங்காய்ச் சாறு நன்றாகப் பொருந்துகிறது. ஒரிகானோவுக்குப் பதிலாகக் கற்பூரவல்லி இலை. இரண்டின் மணமும் நெருங்கியது. ஒரு கிலோவுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் உப்பு. கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், கத்தி விழுந்தபின் சொல்லிப் பயனில்லை: முன்னங்கால் ஒரே துண்டாக வேண்டும், எலும்பைத் தட்ட வேண்டாம், தோலை மயிர் இல்லாமல் வாட்டிச் சுரண்டி அப்படியே விட்டுவையுங்கள்.